மூன்றாவது எட்டு மணி நேரம்

வேலைக்குப் போகும் ஒருவரிடம், "மேற்கொண்டு ஏதேனும் தேர்வு எழுதக் கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆசைதான், நேரம் எங்கே இருக்கிறது?" என்பதுதான் பெரும்பாலும் விடையாக வரும். அந்த விடையில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை. நேரம் குறைவாக இருப்பது ஒரு குறை. இருக்கின்ற சிறிது நேரத்தையும் மூளையின் இயல்புக்கு மாறாகச் செலவிடுவது மற்றொரு குறை. முதற்குறையை நாம் ஓரளவுதான் சரிசெய்ய இயலும். இரண்டாவதை முழுவதுமே நீக்கிக்கொள்ளலாம். நினைவாற்றலைப் பற்றிச் சுமார் 140 ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் அதற்கு வழிகாட்டுகின்றன.

இந்தப் பேச்சைப் புதுச்சேரியிலிருந்து தொடங்குவது மிகப் பொருத்தம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த பஞ்சாலைகளில் தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்து வந்தார்கள். வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் அமைக்கும் உரிமை பெறவும் வ. சுப்பையா முதலியோர் வழிநடத்த, அவர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். அதற்கு அடுத்த ஆண்டில் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

நாளை மூன்றாகப் பகுத்து, எட்டு மணி நேரம் உழைப்புக்கு, எட்டு மணி நேரம் ஓய்வுக்கு, எஞ்சிய எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு என்பது உலகத் தொழிலாளர் இயக்கத்தின் பழைய கோரிக்கை. அந்த மூன்றாவது எட்டு மணி நேரம் இந்த ஊரில் எளிதில் கிடைத்துவிடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புகிறவருக்கு அதுவே முதல். அந்த முதலைக் கொண்டு எப்படிப் படிப்பது என்று காண்போம்.

ஒரு தேர்வும் ஒரு தேர்வரும்

எடுத்துக்காட்டாக ஒரு தேர்வை எடுத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, எரிசக்தியை மிகுதியாகச் செலவிடுபவை என அரசு குறிப்பிட்டுள்ள ஆலைகள், தகுதி பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். உரிய தணிக்கையாளரைக் கொண்டு எரிசக்திச் செலவைத் தணிக்கையும் செய்ய வேண்டும். இத்தகுதியை வழங்குவது எரிசக்தித் திறன் பணியகத்தின் தேசியச் சான்றிதழ்த் தேர்வு. 2004-ஆம் ஆண்டு முதல் இது நடைபெற்று வருகிறது. மொத்தம் நான்கு தாள்கள். முதல் மூன்றிலும் தேறியவர் மேலாளராகலாம். தணிக்கையாளராக விரும்புகிறவர் நான்கிலும் தேற வேண்டும்.

இத்தேர்வில் ஒரு சிறப்பு உண்டு. படிப்போடு சில ஆண்டு வேலை அனுபவமும் இருந்தால்தான் இதற்கு விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே இதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள் அல்லர். பகலெல்லாம் இயந்திரங்களோடு நின்றுவிட்டு மாலையில் புத்தகத்தைத் திறக்கிறவர்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஓர் இளம் பொறியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு வில்லியனூரில். திருமணமாகிக் கைக்குழந்தையும் இருக்கிறது. அவர் படிக்க வேண்டியவற்றுள் இரண்டு செய்திகளை மட்டும் இங்கே தருகிறேன். இவற்றைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒன்று: ஆலைகளில் பாய்லர் என்று வழங்கும் கொதிகலனுக்குள் செல்லும் நீரின் வெப்பநிலையை 6 டிகிரி செல்சியஸ் உயர்த்தினால் ஏறத்தாழ 1 சதவீத எரிபொருள் மிச்சமாகும். காரணம் எளிது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி போதும். வீணாகும் வெப்பத்தைக் கொண்டே 6 டிகிரி சூடேற்றிவிட்டால் 600-இல் 6 மிச்சம்.

இரண்டு: ஆலையில் காற்றை உந்தும் ஃபேனின் சுழல் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அது தரும் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் அது கொள்ளும் மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஏனெனில் திறன், வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுகிறது. 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512 வருகிறதன்றோ?

வாரத்தின் வரவு செலவு

நேரத்தை நாளாகக் கணக்கிடுவதைவிட வாரமாகக் கணக்கிடுவது நல்லது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. நம் பொறியாளருக்கு வேலை 48 மணி. பேருந்துப் பயணம் 6 மணி. உறக்கம் 56 மணி. குளியல், உணவு, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு நாளுக்கு 4 மணி வீதம் 28 மணி. மொத்தம் 138. மீதி 30 மணி நேரம்.

இந்த 30 மணி நேரத்தையும் படிப்புக்கு எழுதிவைப்பதுதான் பலர் செய்யும் முதற்பிழை. குழந்தை இருக்கிறது; பெற்றோர் இருக்கிறார்கள்; கடை கண்ணிக்குப் போக வேண்டும்; சற்று நேரம் கடற்கரையில் சும்மா உட்காரவும் வேண்டும். இவற்றுக்கு 20 மணி நேரத்தை விட்டுவிடுவோம். படிப்புக்கு 10 மணி. வேலை நாள்களில் காலையில் ஒரு மணி வீதம் 6 மணி. ஞாயிறன்று ஒன்றரை மணி வீதம் இரண்டு அமர்வுகளாக 3 மணி. சாப்பாட்டு இடைவேளையில் பத்துப் பத்து நிமிடமாக 1 மணி. இதுதான் கணக்கு.

"நாளைக்கு ஒரு மணி நேரம் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்கு விடை தந்தவர்கள் இங்கிலாந்து நாட்டு அஞ்சல்காரர்கள்.

அஞ்சல்காரர்கள் கற்ற தட்டச்சு

அங்கே கடிதங்களைப் பிரிக்க இயந்திரங்கள் வந்தபோது, அவற்றை இயக்குவதற்காக அஞ்சல்காரர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி அளிக்க நேர்ந்தது. உளவியல் அறிஞர்களான பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரப் பயிற்சி. கடைசிக் குழுவுக்கு இரண்டு மணி நேர அமர்வுகள் இரண்டு, அதாவது நாளைக்கு நான்கு மணி நேரம். மற்ற இரண்டும் இவற்றுக்கு இடைப்பட்டவை.

1978-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. நாளைக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்கள் 80 மணி நேரத்தில் கற்றதை, நாளைக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்கள் சுமார் 55 மணி நேரத்திலேயே கற்றுவிட்டார்கள். நாள் கணக்கில் பார்த்தால் இவர்களுக்கு அதிக நாள்கள் ஆயின என்பது உண்மைதான். ஆனால் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவர்கள் பெற்ற பயன் அதிகம். இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. தங்கள் பயிற்சி முறையில் மிகவும் மனநிறைவு குறைந்திருந்தவர்கள் இந்த ஒரு மணி நேரக் குழுவினரே! நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும்போதே, 'நாம் பின்தங்கிவிட்டோம்' என்று அவர்களுக்குத் தோன்றியது.

வேலைக்குப் போகிறவர் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். அவரிடம் நேரம்தான் குறைவு, நாள்கள் குறைவல்ல. முழுநேரமும் படிக்கும் மாணவன் ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் படிக்கலாம். அதே ஏழு மணி நேரத்தை ஏழு நாள்களில் பரப்பிப் படிக்கிறவருக்கே அது அதிகமாகத் தங்கும்.

மறதியின் கணக்கு

பரப்பிப் படிப்பது ஏன் பயன் தருகிறது? இதை அறிய மறதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து மீண்டும் கற்றுப் பார்த்தார். இரண்டாம் முறை கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதை அளந்தார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோது 58 சதவீதம் மிச்சமாயிற்று. ஒரு மணி நேரத்தில் அது 44 ஆகவும், ஒரு நாளில் 34 ஆகவும் குறைந்தது. ஆனால் ஆறு நாள் கழித்தும் 25 சதவீதமும், ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதமும் இருந்தன. 1885-இல் இவற்றை அவர் நூலாக வெளியிட்டார்.

நாம் படிப்பது பொருளற்ற அசைகள் அல்லவாதலால் நம் மறதி இவ்வளவு கடுமையாக இராது. ஆனால் போக்கு ஒன்றே. மறதி முதல் நாளில் விரைந்து ஓடுகிறது. பிறகு மெல்ல நடக்கிறது. ஆகவே இன்று படித்ததை நாளை ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை திரும்பப் பார்ப்பது நல்ல ஏற்பாடு. இதற்கு அதிக நேரம் வேண்டாம். சாப்பாட்டு இடைவேளையின் பத்து நிமிடமே போதும்.

படிப்பதா, கேட்டுக்கொள்வதா?

திரும்பப் பார்ப்பது என்றால் திரும்பப் படிப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர். மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியைப் படித்தனர். பிறகு சில பகுதிகளை மறுபடியும் படித்தனர். சிலவற்றை மறுபடி படியாமல், நினைவில் உள்ளதைத் தாளில் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்த பகுதியில் 81 சதவீதமும், எழுதிப் பார்த்த பகுதியில் 75 சதவீதமும் நினைவிருந்தன. மறுபடி படிப்பதே மேல் என்று தோன்றுகிறதல்லவா? ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மறுபடி படித்ததில் 42 சதவீதமே மிஞ்சியது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம்.

புத்தகத்தை மீண்டும் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். அது பழகிய முகத்தைக் கண்டு "தெரிந்தவர்தான்" என்று சொல்வது போன்றது. பெயர் என்ன என்று கேட்டால்தான் நம் நினைவின் நிலை தெரியும். ஆகவே பாடத்தைப் படித்தவுடன் அதைக் கேள்விகளாக்கிச் சிறு அட்டைகளில் எழுதுங்கள். முன்புறம் கேள்வி, பின்புறம் விடை. சட்டைப்பையில் பத்து அட்டைகள் இருந்தால் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் படிப்பு நேரமாகிவிடும்.

கணக்குகளுக்கும் இதே போன்ற முறை ஒன்று உண்டு. 2007-இல் ரோரர், டெய்லர் என்னும் இருவர், சில கன உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை மாணவர்களுக்குப் பயிற்றுவித்தனர். ஒருசாரார் ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தனர். மற்றவர்கள் எல்லா வகைகளையும் கலந்து செய்தனர். பயிற்சியின்போது முதற்சாராரின் தேர்ச்சி 89 சதவீதம், மற்றவர்களுடையது 60. ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்விலோ முதற்சாரார் பெற்றது 20. கலந்து செய்தவர்கள் பெற்றது 63. தேர்வுத் தாளில் 'இது கொதிகலன் கணக்கு, இந்த வாய்பாட்டைப் போடு' என்று எவரும் அச்சிட்டுத் தருவதில்லை. எந்த வழியைக் கையாள்வது என்று தேர்ந்தெடுப்பதும் கற்க வேண்டிய திறமையே.

உறக்கத்தில் கை வைக்கலாமா?

நேரம் போதாதபோது நாம் முதலில் கை வைப்பது உறக்கத்தில்தான். "தூக்கத்தைக் குறைத்தால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைக்குமே" என்று கணக்கும் போடுகிறோம். 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், இரண்டு மாணவர்களைப் பத்துப் பத்து அசைகளைக் கற்கச் செய்தார்கள். கற்றபின் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபோது பாதிக்கு மேல் நினைவிருந்தது. கற்றபின் எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது பத்தில் ஒன்றே எஞ்சியது. உறங்கும்போது மூளை சும்மா கிடப்பதில்லை. பகலில் பெற்றதை நிலைப்படுத்துகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிசெய்தன. உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குவது, விதை நெல்லைக் குற்றிச் சோறு பொங்குவதற்கு ஒப்பாகும்.

ஷிப்டு முறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது மேலும் பொருந்தும். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் முதலில் உறங்கட்டும். 'காலை ஐந்து மணி' என்று கடிகாரத்தோடு படிப்பைக் கட்டிப்போடாமல், 'உறங்கி எழுந்து காப்பி குடித்தவுடன்' என்று வைத்துக்கொண்டால், ஷிப்டு மாறினாலும் படிப்பு மாறாது.

திட்டம் ஏன் பிசகுகிறது?

நன்றாகத் திட்டமிட்டும் பலருக்குத் தேர்வு நாள் வரும்போது பாடம் முடிவதில்லை. இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. 1994-இல் வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வில், பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாள். எல்லாமே மிகவும் மோசமாக நடந்தால்? சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கு மேல்! மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை. நாம் திட்டமிடும்போது வேலையை மட்டும் நினைக்கிறோம். குறுக்கே வருபவற்றை நினைப்பதில்லை.

புதுச்சேரியில் குறுக்கே வருபவற்றுக்குப் பஞ்சமா? வில்லியனூர்த் தேரோட்டம் வரும்; வைத்திக்குப்பத்தில் மாசிமகத் தீர்த்தவாரி வரும்; உறவினர் வருவார்கள்; குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று யாரால் அட்டவணைப்படி படித்திருக்க முடியும்?

கனடா மாணவர்களின் 34-ஐ 55 ஆக்கிய மடங்கு சுமார் 1.6. அதையே நாமும் கையாளலாம். நான்கு தாள்களுக்கும் 150 மணி நேரம் போதும் என்று நம் பொறியாளர் நினைக்கிறார் எனில், 240 மணி நேரம் என்று எழுதிக்கொள்ளட்டும். வாரத்துக்கு 10 மணி நேரம் வீதம் 24 வாரம், அதாவது ஐந்தரை மாதம் ஆகும். தாளுக்கு 4 வாரமாகப் புதிய பாடங்களுக்கு 16 வாரம். பழைய வினாத்தாள்களை எடுத்து எல்லாப் பகுதிகளையும் கலந்து பயில 5 வாரம். மீதி 3 வாரத்தில் எதையும் எழுத வேண்டாம். அவை மழைக்கும் காய்ச்சலுக்கும் திருவிழாவுக்கும் உரியவை. ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டு மடங்கு படித்து ஈடுகட்ட முயலவும் வேண்டாம். அந்தக் கடனை இந்த மூன்று வாரம் தீர்த்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் படிப்புக்கு வீட்டில் அமைதி இல்லையென்றால் அமர்வதற்கு ஓர் இடத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டாரிடமும் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். 24 வாரத்துக்கு மட்டும் என்று தெரிந்தால் அவர்களும் மனமுவந்து உதவுவார்கள். முடிவே தெரியாத படிப்புக்குத்தான் வீட்டில் சலிப்பு தோன்றும்.

ஒரு சிறு தேர்வு

இப்போது இதழை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் விடை எழுதுங்கள். கொதிகலன் நீரை எத்தனை டிகிரி சூடேற்றினால் ஒரு சதவீத எரிபொருள் மிச்சம்? ஏன்? ஃபேனின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்திறன் என்னவாகும்? நான்கு மணி நேரக் குழுவினர் 80 மணி நேரத்தில் கற்றதை ஒரு மணி நேரக் குழுவினர் எத்தனை மணி நேரத்தில் கற்றனர்? விடை வராவிட்டால் வருந்த வேண்டாம். தேடி முயன்றபின் காணும் விடை நன்றாகத் தங்கும். நாளையும், அடுத்த வாரமும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று ஆலைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற எட்டு மணி நேர வேலை நாள் இன்று நமக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. அந்தப் பஞ்சாலைகளின் சங்குகள் ஓய்ந்துவிட்டன. அவர்கள் மீட்டுத் தந்த நேரம் மட்டும் நம்மிடம் இருக்கிறது. அதில் உறக்கத்துக்கு உரியதை உறக்கத்துக்கும், வீட்டுக்கு உரியதை வீட்டுக்கும் கொடுத்த பிறகும் நாளைக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரம் சிறியதல்ல என்பதே விஞ்ஞானம் நமக்குச் சொல்லும் செய்தி.